குரும்பகரத்தில் ஒரு கப்பல் விசாரம்

காரைக்கால் பட்டணத்தை விட்டு நெடுங்காட்டுப் பக்கமாகப் பிரயாணம் செய்தால் இரு புறமும் காவிரிப் பாய்ச்சல் வயல்கள்தான். அவற்றின் நடுவே இருக்கிறது குரும்பகரம். நெல்லைத் தவிர வேறு விசாரம் இந்த ஊருக்கு இராது என்றே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆயினும் இது பழைய பிரெஞ்சுச் சீமை. 1739-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் தாய்நாட்டோடு சேர்ந்தது.

நாம் சென்ற சமயம் வயலோரத்தில் பம்பு செட் ஒன்று மௌன விரதம் பூண்டு நின்றது. காரணம் கேட்டோம்.

"உள்ளே ஒரு சாமான் தேஞ்சுபோச்சுங்க, வெளியூர்லேருந்து வரணும். மிஷின் நம்மது, சாமான் நம்மது இல்லீங்களே!" என்றார் சொந்தக்காரர்.

பெரியவர் அறியாமலே ஒரு ராஜரீக தத்துவத்தைச் சொல்லிவிட்டார். இந்தச் சீமையை ஆண்ட பிரான்ஸ் தேசத்தின் 'சார்ல் த கோல்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் பட்ட பாடும் ஏறக்குறைய இதுதான்.

42,500 டன் எடையுள்ள அந்தக் கப்பல் இரண்டு அணு உலைகளால் ஓடுகிறது. அமெரிக்கா நீங்கலாக வேறு எந்தத் தேசத்திடமும் இத்தகைய கப்பல் சேவையில் இல்லை. அணு உலை என்றதும் நேயர்கள் மலைக்க வேண்டாம். நெல் அவிக்கும் ஆலையில் உமியை எரித்து நீராவி உண்டாக்குகிறோம் அல்லவா? கப்பலில் யுரேனிய அணுக்கள் பிளவுபடும் உஷ்ணத்தால் நீராவி உண்டாகிறது. அந்த ஆவி சுழலியைச் சுற்ற, சுழலி கப்பலின் உந்து விசிறியைச் சுற்றுகிறது. அடுப்பு மாத்திரமே புதிது. உமியை ஓயாமல் போட வேண்டும். யுரேனியத்தையோ பல வருஷங்களுக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

இவ்வளவு மகிமை பொருந்திய கப்பல் 2000-ம் ஆண்டு நவம்பரில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் வெள்ளோட்டம் சென்றபோது உந்து விசிறியின் இதழ் ஒன்று முறிந்தது. அணு உலைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்ப நேர்ந்தது. முடிவில், 'கிளெமான்சோ', 'ஃபோஷ்' என்ற பழைய கப்பல்களின் உதிரி விசிறிகளைப் பொருத்தினார்கள். மணிக்கு 27 கடல் மைல் போக வேண்டிய கப்பல், சில வருஷ காலம் வேகம் குறைந்தே நடை போட்டது. தன் பழஞ்சாமானைத் தானே பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் பிரான்ஸ் அன்று பிழைத்தது.

நம்முடைய கதையும் உண்டு. பிரிட்டனில் கட்டப்பட்டு 1961-ல் நம் கடற்படையில் சேர்ந்தது முதல் 'விக்ராந்த்'. 1971-ம் ஆண்டு யுத்தம் நெருங்கிய வேளையில் அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. நம்மவர் கொதிகலனுக்கு எஃகுப் பட்டை கட்டி, வேகத்தைக் குறைத்துக் கொண்டு, கப்பலை வங்கக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 4-ந் தேதி அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி கொச்சியில் கடற்படையில் சேர்ந்த புதிய 'விக்ராந்த்' கப்பலில் நூற்றுக்கு 76 பங்கு சுதேசிச் சரக்கு. அதன் எஃகு நம் ஆலைகளில் உருக்கியதே. ஆனால் அதை ஓட்டும் நான்கு வாயுச் சுழலிகள் அமெரிக்க மாதிரி. அதில் இறங்கும் மிக் விமானங்கள் ருஷ்யாவில் செய்தவை. 2025 ஏப்ரலில் கடற்படைக்காக ஒப்பந்தமான 26 ரஃபேல் விமானங்களோ பிரெஞ்சுத் தேசத்துச் சரக்கு! காரைக்காலில் அவர்கள் கொடியை இறக்கி எழுபது வருஷம் ஆன பிறகும் சாமானுக்கு அவர்கள் வாசலில் நிற்கிறோம்.

அணுசக்தியால் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல் நம்மிடம் இல்லை. ஆனால் வழி தெரியாமலும் இல்லை. கல்பாக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பலுக்குரிய சிறு உலையைத் தரையில் அமைத்துப் பழகிய பின்னரே, 2016-ல் 'அரிஹந்த்' சேவைக்கு வந்தது. விமானந்தாங்கிக்கு அதைவிடச் சக்தி வாய்ந்த உலை வேண்டும். அத்தகைய கப்பலை நாம் என்றேனும் கட்டத் துணிந்தால், உலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அதன் திருகாணியும் வளையமும் எந்த ஊரில் செய்யப்படும் என்று கேட்பது நல்லது. அந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பட்டறைகளின் பெயர் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அந்தக் கப்பல் நம்முடையது.