எட்டுக் குதிரையும் ஒரு சைலன்சரும்

ஸ்பிளெண்டரின் வாயிலிருந்து ஆர்எக்ஸ் நூறின் குரலை வரவழைத்துவிட வேண்டும் என்று பாடுபடும் ஒரு கூட்டம் திண்டுக்கல்லில் இருக்கிறது. சாயங்காலம் பழனி ரோட்டு ஓரம் டீக்கடையில் நின்றால் போதும். முதலில் சத்தம் வரும். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தம் வரும். டீயில் பாதி குடித்து முடித்த பிறகு வண்டி வரும். ஓட்டுகிற தம்பி பெட்ரோல் டேங்க் மேல் படுத்திருப்பார். படுத்திருக்கும் படுப்பைப் பார்த்தால் நூற்றிருபது. போகும் போக்கைப் பார்த்தால் அறுபது. பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரன்கூட அடிக்காமல் அவரைத் தாண்டிப் போகும்.

காது என்னுடையது என்பதால் எனக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் கோபத்தைவிட ஆர்வமே ஒரு படி கூடுதல். மைலேஜுக்கென்றே பெற்றெடுத்த வண்டியைப் பிடித்து வேகத்துக்கு மாற்ற இவ்வளவு பிரயாசை எதற்கு? பணம் போட்டால் பலன் உண்டா? நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் கிடைத்தது.

“சவுண்டு வேணுமா தம்பி, ஸ்பீடு வேணுமா?”

“ரெண்டுந்தாண்ணே.”

“சவுண்டுன்னா இன்னைக்கே தர்றேன். ஸ்பீடுன்னா வேற வண்டி வாங்கிட்டு வா.”

தம்பி ஒரு நிமிடம் யோசித்தார். சவுண்டு போதும் என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் தம்பியின் ஆசையும் வானத்திலிருந்து குதித்ததில்லை. 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. அதே 1985-ல்தான் இரண்டு வண்டிகள் இந்தியச் சாலைக்கு வந்தன. ஒன்று ஹீரோ ஹோண்டா சிடி நூறு, இன்னொன்று யமஹா ஆர்எக்ஸ் நூறு. முதலாவது, பெட்ரோல் பங்க் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மறக்கவைத்தது; இரண்டாவது, அப்பா சொன்ன புத்திமதியை மறக்கவைத்தது. சிடி நூறின் வம்சத்தில் 1994-ல் வந்ததுதான் ஸ்பிளெண்டர். 97.2 சிசி, ஏறக்குறைய எட்டுக் குதிரைசக்தி. ஆர்எக்ஸுக்கு 98 சிசி, பதினோரு குதிரைசக்தி. சிசியில் ஒன்றுகூட முழுதாக வித்தியாசமில்லை; குதிரையில் மூன்று வித்தியாசம். அந்த மூன்று குதிரை எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தச் சைலன்சர் வழக்கின் வேர் இருக்கிறது.

ஆர்எக்ஸ் இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அதில் சிலிண்டரைத் திறந்து மூடும் வால்வு கிடையாது. புகை வெளியேறும் துளையும் புதுப் பெட்ரோல் காற்று உள்ளே வரும் துளையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். வந்த சரக்கில் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடிவிடும். ஓடியதைத் திருப்பி உள்ளே தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சைலன்சர். குழாய் ஓரிடத்தில் விரிந்து வயிறு வைத்து, பிறகு குறுகும். விரியும் இடத்தில் அழுத்த அலை திரும்பி, புகையை உறிஞ்சி இழுக்கும். குறுகும் இடத்தில் அலை மோதித் திரும்பி, வெளியே நழுவிய புதுச் சரக்கைத் துளை மூடுவதற்குள் உள்ளே நெட்டித் தள்ளும். வயிற்றின் நீளத்தையும் அகலத்தையும் மாற்றினால் எந்தச் சுற்றில் எவ்வளவு இழுவை என்பதே மாறிவிடும். அதாவது இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் எஞ்சினின் பாதி. அதை மாற்றிய மாமாக்களும் சித்தப்பாக்களும் ஏமாறவில்லை.

இந்த வித்தையைக் கணக்காகக் கற்றுத் தந்தவர் வால்டர் காடன் என்கிற ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் ஏவுகணைப் பணியில் இருந்தவர். போர் முடிந்து நாடு இரண்டானபோது கிழக்குப் பக்கம், சோப்பாவ் என்ற சிற்றூரில், எம்இசட் கம்பெனியின் பந்தயப் பிரிவை நடத்தினார். கையில் காசு கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. அலைவுகாட்டியின் திரையில் குழாய்க்குள் ஓடும் அலைகளைப் பார்த்துப் பார்த்துக் குழாயை வெட்டி ஒட்டினார். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் இருபத்தைந்து குதிரைசக்தி தந்தது. லிட்டர் கணக்கில் இருநூறு. காற்றை அழுத்தி ஊட்டாமல் அந்த அளவை உலகில் அதுவரை எவரும் தொட்டதில்லை.

அந்த எஞ்சினை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடனில் பந்தயம். உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் டெக்னரின் மனம் வேறொரு வண்டியில் இருந்தது. அவர் மனைவியும் பிள்ளைகளும் அதே நாட்களில் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டிக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் எம்இசட்டின் எஞ்சின் பாதியில் நின்றது. டெக்னர் டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார்; அங்கிருந்து ஜப்பானில் சுசுகி கம்பெனிக்கு. காடன் பல வருஷம் அலை பார்த்துக் கண்ட ரகசியமும் அவரோடு போனது. அடுத்த வருஷமே 1962-ல், சுசுகிக்கு முதல் உலகப் பட்டத்தை 50 சிசி பிரிவில் வாங்கிக் கொடுத்தார். அந்த அறிவு ஜப்பானில் ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. இரண்டு ஸ்ட்ரோக்கில் ஜப்பானியர்கள் அடுத்த இருபது வருஷம் ஆண்ட ஆட்சியின் பின்னணியில் சோப்பாவ் பட்டறை இருக்கிறது. காடன் 1996-ல் காலமானார். இந்தியாவில் ஆர்எக்ஸ் நூறு நின்றதும் அதே 1996-ல்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எனக்கு மட்டும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

டெக்னர் அந்த ஸ்வீடன் பந்தயத்தில் கோட்டைவிட்ட 125 சிசி பட்டம் யாருக்குப் போனது தெரியுமா? டாம் ஃபிலிஸ் என்ற ஆஸ்திரேலியருக்கு. அவர் ஓட்டியது ஹோண்டா, நான்கு ஸ்ட்ரோக். ஸ்பிளெண்டரின் பெரியப்பா வீட்டு வண்டி என்று சொல்லலாம்.

நான்கு ஸ்ட்ரோக்கில் வால்வு இருக்கிறது. புகை போகும் கதவு மூடியிருக்கும்போதுதான் பெட்ரோல் எரிவதற்குத் தயாராகும். நழுவிய சரக்கைத் திருப்பித் தள்ள ஆள் தேவையே இல்லை. பந்தய எஞ்சினில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தை வேண்டுமென்றே நீட்டி வைப்பார்கள். அங்கே குழாய்க்கு வேலை உண்டு. ஸ்பிளெண்டரில் மைலேஜுக்காக அந்த நேரத்தைச் சுருக்கியே வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் சைலன்சரைக் கழற்றி வாய் அகன்ற குழாயை மாட்டுகிறவருக்குக் கிடைப்பது குதிரை அல்ல, குதிரையின் கனைப்பு மட்டும். 80 முதல் 175 சிசி வரையுள்ள வண்டிக்கு விதி அனுமதிக்கும் ஒலி 77 டெசிபல். அது அடுத்த தெருவோடு முடிந்துவிடுமே என்பதுதான் தம்பிகளின் வருத்தம்.

சரி, சைலன்சரை விடுங்கள். ஏர் ஃபில்டரை மாற்றலாம், கார்பரேட்டரில் பெரிய ஜெட் போடலாம், பிளாக்கை போர் அடித்துப் பெரிய பிஸ்டன் இறக்கலாம் என்பார்கள். இதற்குப் பதில் ஊரிலேயே இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டை யாராவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே நெம்புகோல் தகடுகள் அடுக்கி இருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்றைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. மைலேஜ் எஞ்சினும் அப்படித்தான். காற்று, ஜெட், வால்வு திறக்கும் நேரம், சைலன்சர் எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. ஃபில்டரைத் திறந்து காற்றை மட்டும் கூட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும். பெட்ரோலைக் கூட்டினால் பிளக் கரி கட்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் வேறு வண்டி வாங்கியிருக்கலாம் என்கிற தொகை வந்துவிடும். போர் அடித்து சிசியைக் கூட்டினால் ஆர்சி புத்தகத்தில் உள்ள வண்டி வேறு, ஓடுகிற வண்டி வேறு என்றாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் சிக்ஸ் வந்த பிறகு கார்பரேட்டரும் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு மெக்கானிக் எதைத் திருகுவார்?

இத்தனையும் செய்து எட்டுக் குதிரையை ஒன்பதாக்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் காற்று விடாது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் பத்து சதவீதம் கூட வேண்டுமென்றால் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். தொண்ணூறு தொடும் ஸ்பிளெண்டரை நூறுக்குக் கொண்டுபோக எட்டுக் குதிரை பதினொன்றாக வேண்டும். சுற்றி வளைத்து ஆர்எக்ஸிடமே வந்து நிற்கிறோம். அதுவும் காற்றில்லாத நாளில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் ஒட்டன்சத்திரம் தாண்டி மேற்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். அறுபதில் போகிறவர் முகத்தில் தொண்ணூறின் காற்று அறையும். அங்கே எந்தக் குழாயும் பேசாது.

ஆக, மைலேஜ் வண்டியை மாற்றுவதே வீண் வேலையா? நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த ஜில்லாவில் அருமையாக மாற்றிய வண்டிகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகும் எக்ஸ்எல் மொபெட்டைக் கவனியுங்கள். 99.7 சிசி, நாலரைக்குள் அடங்கும் குதிரைசக்தி, கியரே கிடையாது. ஓட்டுகிறவர் வெல்டிங் கடையில் கேரியரை நீட்டியிருப்பார்; பின்னால் கனமான ஸ்பிரிங் போட்டிருப்பார்; ஸ்டாண்டுக்கு இன்னொரு பட்டை ஒட்டியிருப்பார். நிலக்கோட்டைப் பூ மூட்டை, சின்னாளபட்டிச் சேலைக் கட்டு, வேடசந்தூர்ப் பக்கத்துப் பால் கேன் என்று அவரவர் சரக்குக்கு ஏற்ற கொக்கி, அவரவர் உயரத்துக்கு ஏற்ற தாங்கல். மலைப் பாதைக்காரர் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிக்கொள்வார். மேல்வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். செய்தவர்களுக்கு என்ன இழக்கிறோம், என்ன பெறுகிறோம் என்று பைசா சுத்தமாகத் தெரியும். இந்த வண்டியின் திறமை, ஒரு லிட்டரில் எவ்வளவு சுமை எவ்வளவு தூரம் என்பது. அதைக் கூட்டுகிறவர்தான் டியூனர். குழாய் மாட்டுகிறவரை வாத்தியக்காரர் என்று வேண்டுமானால் அழைக்கலாம்.

சிறுமலைக்கு ஏறும் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், தோட்டத்து எலுமிச்சையையும் வாழைத்தாரையும் ரோடு வரைக்கும் கொண்டுவர இன்றும் நிஜக் குதிரைகள் இருக்கின்றன. ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க இங்கிலாந்தின் பெரிய குதிரைகளை வைத்துப் போட்ட கணக்கில் சிறுமலைக் குதிரை ஒன்றுக்கே தேறுமா என்பது சந்தேகம். அது ஒற்றைத் தடத்தில், கல்லிலும் சேற்றிலும், முதுகு நிறைய மூட்டையோடு இறங்கி வருகிறது. கீழே பழனி ரோட்டில், எட்டுக் குதிரையைக் கட்டிக்கொண்டு ஒரு தம்பியும் ஒரு செல்போனும் மட்டும் போகிறார்கள். அந்த எட்டும் போதவில்லை என்கிறார்கள்.

தம்பிகள் பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். அந்த வண்டி பெரும்பாலும் அப்பா ஓட்டியது. தெருவில் அதே கறுப்பில் இன்னும் பத்து நிற்கும். கூட்டத்தில் தன்னுடையது தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பெயிண்ட் போதும், ஸ்டிக்கர் போதும். காசு மிச்சமிருந்தால் நல்ல டயரும் புது பிரேக் ஷூவும் போடலாம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதை எந்தக் குழாய்க் கடையும் சொல்லித் தராது.

இந்தச் செலவு தகுமா தகாதா என்ற தீர்ப்பை நானோ மெக்கானிக்கோ சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோ கன்சல்டிங் கடைக்காரர் சொல்லிவிடுவார். மாற்றிய வண்டியை விற்கக் கொண்டுபோனால் அவர் புதுக் குழாயின் விலையைக் கேட்பதில்லை, அதன் சத்தத்தையும் கேட்பதில்லை. “கம்பெனி சைலன்சர் இருக்கா?” என்பார். பட்டறைக்காரர்களுக்கு இது முன்கூட்டியே தெரியும். கழற்றிய சைலன்சரைச் சாக்கில் சுற்றி, “பரண்ல பத்திரமா வைங்க தம்பி, வேண்டியிருக்கும்” என்று முதல் நாளே கையில் கொடுத்துவிடுகிறார்கள். குழாய்க்கு ஒரு கூலி, அதைக் கழற்றிப் பழையதை மாட்ட இன்னொரு கூலி. மைலேஜ் வண்டியை மாற்றுவதில் நிச்சயமாக லாபம் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் எக்ஸ்எல்லில் வீட்டுக்குப் போகிறார்.