உதயகிரிக் கோட்டையில் ஒரு ஞாயிறு

ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டுப் பாறசாலையில் குடியிருக்கும் எங்கள் இல்லத்தில் பிள்ளைகள் பேசுவது தமிழ். பள்ளியில் பயில்வது மலையாளம். 1956-ல் எல்லை வகுத்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அடுத்துள்ள விளவங்கோடு சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தது. சென்ற ஞாயிறன்று அவ்வெல்லையைக் கடந்து, இரணியல் வரை ரயிலிலும் பின்னர்ப் பேருந்திலுமாகப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம்.

1741-ல் குளச்சற் போரில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் படையிடம் சிறைப்பட்டவர் டச்சுக் கம்பெனியின் டிலனாய். அவரே பின்னர் அம்மன்னரின் சேனையைப் பழக்கித் தளபதியுமானார். 1777-ல் இறந்து இக்கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கூரையிழந்த தேவாலயத்தில் அவர் கல்லறையைக் கண்டோம். மனைவியும் மகனும் அருகிலேயே துயில்கின்றனர். (எங்கள் இளையவளுக்கோ கோட்டையிலுள்ள மான்களே பெரிதாகப்பட்டன, குறை கூறுவதற்கில்லை.)

கல்லில் லத்தீனுடன் தமிழும் வெட்டப்பட்டுள்ளது. மூத்தவன் அதன்முன் குனிந்து, தேய்ந்த எழுத்துக்களை விரலால் தடவி, தெரிந்த சிலவற்றைக் கூட்டினான், பிறகு விழித்தான்.

“இந்த வெள்ளைக்காரர் கல்லறையிலேயே தமிழ் இருக்கிறதே, அப்பா! எனக்கும் எழுதக் கற்றுக் கொடுங்கள்” என்றான்.

வீடு சேரும்வரை பொறுக்கவில்லை. திரும்பும் ரயிலிலேயே, பையிலிருந்த பழைய கால அட்டவணையின் பின்புறத்தில் ஆனா ஆவன்னா தொடங்கினோம். குழித்துறை வருவதற்குள் ‘ஊ’ வரை வந்துவிட்டான்.