ஒற்றன் கொணர்ந்த செய்தி

வேவு பார்க்கப் பிறந்த விமானம் ஒன்று அறிவியலுக்குச் சாட்சியாக மாறிய வரலாறு, இலக்கியம் கற்பிக்கும் நம்மையும் ஈர்க்கிறது. அமெரிக்க உளவு விமானமான யூ-2 வகையில் இரண்டு, 1971-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்கு வந்தன. பகைவர் நிலத்துக்குப் பதிலாகக் காடுகளையும் வயல்களையும் படமெடுத்தன.

அவ்வழி வந்த ஈஆர்-2, 1987-இல் சிலி நாட்டின் தென்கோடியிலுள்ள புண்டா அரினாசிலிருந்து அண்டார்க்டிகாவுக்குப் பறந்தது. அங்கே ஓசோன் குறைந்துவருவதை 1985-இல் பிரிட்டன் அறிவியலாளர் அறிவித்திருந்தனர். காரணம் காற்றோட்டமா, குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து கசியும் குளோரோஃபுளோரோகார்பனா என்ற வழக்கு தீரவில்லை. செயற்கைக்கோள் தொலைவிலிருந்தே காணும். அந்தக் காற்றுக்குள்ளேயே புகுந்து அளக்க ஒருவர் போயாக வேண்டியிருந்தது. ஒற்றை எஞ்சின், ஒற்றை விமானி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரம், கீழே உறைபனி.

ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்கச் சொன்னார் வள்ளுவர். இங்கும் அப்படியே. ஒரு கருவி ஓசோனை அளந்தது. ஜேம்ஸ் ஆண்டர்சன் குழுவின் கருவி குளோரின் மோனாக்சைடை அளந்தது. செப்டம்பர் 16 அன்று பதிவான கோடுகளில், குளோரின் மோனாக்சைடு ஏறிய இடத்தில் ஓசோன் சரிந்திருந்தது.

அதே நாளில்தான் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. சான்று முழுமையாக வருமுன்பே உலகம் இசைந்தது. வந்தபின் 1990-இல் லண்டனில் விதிகளை இறுக்கியது. இன்று ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது.

பகைவன் யாரென்று அறியச் சென்ற ஒற்றன், அனுப்பியவரையே சுட்டினான். அதைச் சினவாமல் கேட்டுக்கொண்டதுதான் பெருமை என்று நமக்குத் தோன்றுகிறது.