ஒரு சோடா வாங்கிய நேரம்

நான் இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன். எங்கள் குடும்பத்தில் படிப்பு வாசனை பட்ட முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார், கைநாட்டு.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் ஓர் இரவு, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. "வாயுதான்டா, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். படித்த பிள்ளையான நானும் ஓடிப்போய் வாங்கி வந்தேன். அம்மா பூண்டு தட்டிக் கொடுத்தாள். இப்படியே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பிறகுதான் 108-ஐக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும், ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள். "ஹார்ட் அட்டாக். உடனே ஆஞ்சியோ பண்ணணும். உங்கள்ல படிச்சவங்க யாரு?" என்றார் டாக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது.

மறுநாள் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்திருக்கும். அது வெடித்தால், காயத்தை அடைக்க ரத்தத் தட்டணுக்கள் ஓடி வந்து கூடும். ரத்தம் உறைந்து கட்டியாகி, குழாயே அடைபட்டுப் போகும். மணிக்கட்டு வழியாக, ஏறக்குறைய 0.36 மி.மீ. கம்பியை அந்த அடைப்புக்குள் நுழைத்து, பலூனை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்களாம். வெர்னியர் பிடித்துப் பழகிய எனக்கு அந்த அளவைக் கேட்டதும் மலைப்பாக இருந்தது! இதயக் குழாயில் பலூன் முறையை 1977-ல் ஜூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக்.

"கட்டியை உறிஞ்சி எடுத்துட்டா ஆகாதா சார்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "நாங்களும் அப்படித்தான் நினைச்சோம் தம்பி." உறிஞ்சு குழாயைப் பலருக்கும் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்ததாம். 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் உறிஞ்சுவதால் தனிப் பலன் இல்லை, பக்கவாதம்கூடச் சற்று அதிகம் என்று தெரிந்தது. அதனால் கட்டி மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் இப்போது உறிஞ்சுகிறார்கள். ஆஞ்சியோ வசதிக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாதவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதையும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

கடைசியாக அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது. "குழாயைத் திறந்துட்டோம். ஆனா, செத்துப்போன தசையை யாராலயும் திருப்பித் தர முடியாது. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் சாரம் ஏற முடியாது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. "என் பையன் கையெழுத்துப் போட்டான், நான் பிழைச்சேன்" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்குத்தான் அந்தச் சோடாக் கடையைத் தாண்டும்போதெல்லாம் தலை குனிகிறது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நெஞ்சு வலியும் வியர்வையும் வந்தால், பெரியவர்கள் "வாயு" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு நேரம் மட்டும் அவர்கள் பேச்சை மீறுங்கள்!