வால் முளைத்த மரபணுவும் வேன் ஓட்டிய விஞ்ஞானியும்

கணியம்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே பாகாயம். அங்கே சி.எம்.சி. வளாகத்தில் ஸ்டெம்செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் உறையாத நோய், உள்ள 5 பேருக்கு வேலூரில் மரபணு சிகிச்சை கொடுத்ததும், அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றதும் 2024 டிசம்பரில் பெரிய செய்தி. நல்ல மரபணுவைச் சுமந்துபோனது ஒரு வைரஸ். அந்த மாதிரி வைரஸைத் தயாரிக்கத் தேவைப்படும் பொருளின் பெயர் பிளாஸ்மிட்.

பயப்பட வேண்டாம், ரொம்ப எளிய விஷயம்தான்! பிளாஸ்மிட் என்பது வளையல் மாதிரி வட்டமான ஒரு டி.என்.ஏ. துண்டு. பாக்டீரியாவுக்குள் விட்டால், பாக்டீரியா பெருகப் பெருக அதுவும் பெருகும். வேண்டிய மரபணுவை அந்த வளையலில் கோத்துவிட்டால் போதும், நகல் எடுக்கும் வேலையை பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்.

இனி வரிக்குதிரை மீன். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கோடு போட்டு நீந்துமே, அதுதான். கங்கைப் பக்கத்து மீன். 1822லேயே ஹாமில்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். இதன் கரு கண்ணாடி போல இருக்கும். இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனிலும் இணை உண்டு என்று 2013ல் தெரிந்தது. அதனால்தான் ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்கு இத்தனை கிராக்கி.

மீனின் ஒரு மரபணு உடம்பில் எங்கே வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த மரபணுவின் வாலில் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒட்டி, பிளாஸ்மிட்டில் ஏற்றி, ஒரே செல்லாக இருக்கும் முட்டைக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் செலுத்துகிறார்கள். புரதம் போகும் இடமெல்லாம் பச்சை விளக்கு எரியும்.

அந்தப் பச்சை விளக்கு ஒரு ஜெல்லி மீனிடமிருந்து வந்தது. புரதத்தை 1962ல் கண்டுபிடித்தவர் ஷிமோமுரா. அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992ல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துவிட்டது. மேற்கொண்டு செய்ய வழியில்லாத பிராஷர், கேட்ட மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சென்னுக்கும் மரபணுவை அனுப்பிவைத்தார். 2008ல் ஷிமோமுரா, சால்ஃபி, சென் மூவருக்கும் நோபல். பிராஷர் அப்போது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்...

சால்ஃபியும் சென்னும் தங்கள் செலவில் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப் போனார்கள். 2012ல் சென்னின் ஆய்வகத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. கொஞ்சம் ஆறுதல்தான்.

அவர் பூட்டி வைத்திருந்தால்? யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் பச்சை மீன்கள் வருவது தள்ளிப்போயிருக்கும். இன்று ஆட்ஜீன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, 2004லிருந்து, விஞ்ஞானிகள் கொடுக்கும் பிளாஸ்மிட்டுகளைச் சேமித்து, கேட்கும் ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. வால் ஒட்டிய வரிக்குதிரை மீன் மரபணுக்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

வணிகக் கணக்கில் கொடுத்தால் செலவு, வாங்கினால் வரவு. பிராஷரின் பேரேட்டில் அந்தத் தபாலை எந்தப் பக்கம் எழுதுவது?