உசிலம்பட்டியில் ஒரு மலை ரயில்

நேரோ கேஜ் என்றதும் நம்மில் பலர் ஊட்டி ரயிலைச் சொல்வார்கள். அது மீட்டர் கேஜ். தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. நம் பக்கத்து மலையில் 610 மி.மீ. பாதை ஓடியது மூணாறில். 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-ல் நேரோ கேஜாக மாறி நீராவி எஞ்சின் ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் அது. டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிப் போனது. 1924 ஜூலை வெள்ளம் அதை வாரிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பாதையின் ஒரு துண்டை உசிலம்பட்டியில் மூன்று பேர் மாதிரியாகக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

பேரையூர் ரோட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறை. அதன் பின்கட்டில் பன்னிரண்டுக்கு நான்கு அடியில் பிளைவுட் மேசை. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தச்சர் ஒருவர், பட்டறைக்காரர். டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகளைப் போடிக்கு ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர்களில் ஃபிட்டரின் தாத்தாவும் ஒருவர். வேலைக்கு வித்து அங்கே விழுந்திருக்கிறது.

அளவு 1:19. அசலின் 610 மி.மீ. இங்கே 32 மி.மீ. ஆகிறது. மேசையின் முழு நீளமும் அசலில் எழுபது மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதால் டாப் ஸ்டேஷன் யார்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரயில் சுற்றிவர அகலம் பற்றாது. போய், நின்று, பின்னோக்கி வரும். முழுப் பாதைக்கும் ஆசைப்பட்டு எதையும் முடிக்காமல் விடுவதைவிட இது நல்ல முடிவு.

தச்சர் ஸ்லீப்பர் கட்டை அறுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேலையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகள். ஹேக்ஸாவில் இரண்டு பிளேடுகளைச் சேர்த்து மாட்டி, ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு வெட்டு. அந்த வெட்டுக்குள் 2 மி.மீ. பித்தளைப் பட்டையைக் குத்துவாக்கில் செருகி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டுகிறார். பிறகு பட்டறைக்காரர் கடைந்து கொடுத்த இரும்பு அளவுக்கட்டையைத் தண்டவாளங்களுக்கு நடுவே தள்ளிப் பார்க்கிறார். இறுகினால் ஸ்லீப்பர் கட்டையைக் கழற்றி ராவுகிறார். ஆடினால் அந்த ஸ்லீப்பரே வேண்டாம்.

“நேரா போடுறதுக்கு யாரு வேணும்னாலும் போதும்ணே. வளைவுலதான் வேலை தெரியும்” என்றார். வளைவில் 32 போதாது, அரை மி.மீ. கூட்டுகிறார்கள். கூட்டாவிட்டால் சக்கரத்தின் விளிம்பு இறுகி, தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். அசல் ரயில்பாதையிலும் கூர்மையான வளைவுகளில் இதே வழக்கம்தான்.

சக்கரங்கள் லேத்தில் கடைந்தவை. ஒரே அச்சில் இருக்கும் இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 28 மி.மீ. வெர்னியர் வைத்து அளந்த பிறகே அச்சை அடித்து இறுக்குகிறார் பட்டறைக்காரர். பகலெல்லாம் டிராக்டர் உதிரிகள் கடைகிற கை அது. இந்த நுணுக்கத்துக்கு அவர் தனியாக யாரிடமும் பாடம் படிக்கவில்லை.

தேயிலைச் செடிகளுக்குத் தச்சரின் மகள் காய்ந்த பீர்க்கங்கூட்டை நறுக்கிப் பச்சைச் சாயத்தில் தோய்க்கிறாள். கீழே மண்ணுக்கு, எதிர்த்த டீக்கடையில் வடிகட்டிப் போட்ட தேயிலைத் தூளைக் காயவைத்து ஃபெவிகாலில் ஒட்டுகிறாள். அசல் மண் போட்டால் கட்டி தட்டுமாம்.

மலைப் பாதை 1924-ல் போனது. உசிலம்பட்டி வழியாகப் போடிக்கு ரயில் வந்தது 1928-ல். நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டும் சந்திக்காமலே போயின. போடி லைன் மீட்டர் கேஜும் 2010-ல் நின்று, அகலப் பாதையாகி, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் போனது. ஒரு பாதை எடுக்கப்பட்டால் அதில் உழைத்தவர்களின் தடமும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால்தான் இந்த மூவரின் வேலையை நான் வெறும் பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை.

தண்டவாளம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஒரு சரக்கு வண்டி கையால் தள்ளினால் வளைவைச் சுத்தமாகக் கடக்கிறது. எஞ்சினுக்கு 12 வோல்ட் கியர் மோட்டார் பூட்டிய அடிச்சட்டம் தயார். மேல்கூடு மட்டும் பாக்கி. “படம் கிடைக்காம கற்பனையா தகரம் வெட்ட மாட்டேன் சார்” என்கிறார் ஃபிட்டர்.

போடி, குரங்கணி, கொட்டகுடி, மூணாறு பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் 1924-க்கு முந்தைய படம் இருந்து, அதில் அந்த எஞ்சினின் ஒரு பக்கமாவது தெரிந்தால், பிரதி எடுத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.