மத்தேராவில் எங்கள் பழைய வீடு

பாரியிலிருந்து குறுகிய ரயில் பாதையில் மத்தேராவுக்குப் போய் இறங்கினேன். தெற்கு இத்தாலியின் பசிலிகாதா மலைப்பகுதியில் இருக்கிறது எங்கள் ஊர். இளவயதில் பிழைப்புத் தேடி ஜெர்மனிக்குப் போனவன் நான். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வந்ததே இல்லை.

கிராவினா ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகை வீடுகள்தான் சஸ்ஸி. சஸ்ஸோ கவேயோசோ பகுதியில் அப்படியொரு வீட்டில் பிறந்தேன். ஒரே அறை. முன்னால் அடுப்பும் உயரமான கட்டிலும், கட்டிலடியில் கோழிகள், உள்ளே இருட்டில் கழுதை. காற்றும் வெளிச்சமும் வாசல் வழியாக வந்தால்தான் உண்டு. மலேரியாவுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கார்லோ லேவி 1945-இல் வெளியிட்ட ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’ நூல் இந்த அவலத்தை நாடறியச் செய்தது. தேசத்தின் அவமானம் என்றார்கள் எங்கள் ஊரை. 1950-இல் பிரதமர் தே காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952-இல் சட்டம் போட்டு, ஏறத்தாழ 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

எங்களுக்கு ஸ்பினே பியாங்கே என்ற புதுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். அந்தச் சட்டம் வந்திருக்கவே கூடாது என்று பேசுகிறவர்களை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் எங்கள் விசினாத்தோ எங்களோடு வரவில்லை. பல குகை வீடுகளுக்குப் பொதுவான முற்றம் அது. நடுவில் மழைநீர்த் தொட்டி. துவைப்பதும் காயவைப்பதும் சண்டையும் சமாதானமும் அங்கேதான். ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் இன்னொருத்தி அவள் பிள்ளைக்கும் சேர்த்துச் சமைப்பாள். ரொட்டி மாவைப் பிசைந்து ஊர்ப்பொது அடுப்புக்கு அனுப்புவோம். எந்த ரொட்டி யாருடையது என்று தெரிய, குடும்பத்தின் முதலெழுத்துகள் செதுக்கிய மர முத்திரையை மாவில் அழுத்தி அனுப்புவார்கள்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். இப்போது அது விடுதி அறை. வெள்ளை விரிப்பு, மெல்லிய விளக்கு. பின்சுவரில், கழுதையைக் கட்டுவதற்காகப் பாறையிலேயே குடைந்த வளையம் மட்டும் அப்படியே இருந்தது. கயிறு உராய்ந்து உராய்ந்து அதன் உட்புறம் வழவழத்துக் கிடந்தது. அக்கா விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். “அப்பா கட்டின கயிறுடா” என்றாள்.

1986-இல் அரசு பணம் ஒதுக்கியதும் சஸ்ஸி சீரமைப்பு வேகம் பிடித்தது. 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2019-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர் என்ற பெருமையும் வந்தது. ஊர்ச் சதுக்கத்துக்கு அடியில், சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும் பலோம்பாரோ லுங்கோ நீர்த்தேக்கத்தில் இறங்கி நின்றேன். மழைநீரைச் சொட்டுகூட வீணாக்காமல் சேர்த்தவர்கள் எங்கள் முன்னோர் என்று பெருமையாக இருந்தது.

இடிந்து கிடந்த வீடுகள் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாறையைப் புகழ்கிறவர்கள் அதில் வாழ்ந்தவர்களையும் அறிய வேண்டும். ஒவ்வொரு விடுதி வாசலிலும் முன்பு அங்கே குடியிருந்த குடும்பத்தின் பெயரை எழுதி வைக்கட்டும். அக்காவைப் போன்ற முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். சில வீடுகளையாவது விடுதியாக்காமல், உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்குக் கொடுக்கட்டும். குழந்தைகள் விளையாடும் முற்றம் ஒன்றிரண்டு இருந்தால்தான் சஸ்ஸி மறுபடி ஊராகும்.